தெப்பம் தரை தட்டும் வரை

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணீர் அஞ்சலி பேனருக்காக வருகிறவர்கள். தென்காசியில் தடுக்கி விழுந்தால் ஒரு ஃபிளெக்ஸ் கடை. ஆனால் செத்தவர் முகத்தைச் சிவக்காமல் வெளுக்காமல் அச்சடிக்க என்னிடம்தான் வர வேண்டும் என்று எனக்கு ஒரு பேர் வந்துவிட்டது. ஆதார் அட்டையில் இருக்கிற முகத்தைக் கொண்டுவந்து நீட்டி, "அண்ணாச்சி, லேசா சிரிக்க மாதிரி ஆக்கிருங்க" என்பார்கள். உயிரோடு இருக்கும்போது சிரிக்காத மனுஷனை நான் எப்படிச் சிரிக்க வைப்பது? ஆனாலும் வைப்பேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

கடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. அங்கே எனக்குப் பிடித்த வேலையைச் செய்கிறேன். சென்னையில் ஓவியம் படித்த காலத்தில் கற்றுக்கொண்ட எச்சிங். துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகும் தாரும் கலந்த கறுப்புப் பூச்சைத் தடவி, காய்ந்ததும் ஊசியால் கீறி வரைய வேண்டும். பிறகு தகட்டை அமிலத்தில் முக்கினால், கீறின இடத்தில் மட்டும் அமிலம் உலோகத்தைத் தின்னும். நகை ஆசாரிகள் திராவகம் என்பார்களே, அதேதான். தின்ற பள்ளத்தில் மையை ஏற்றி, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, ஈரத் தாளை வைத்து இரண்டு உருளைகளுக்கு நடுவே நெருக்கி இழுத்தால் பள்ளத்து மை தாளில் ஏறிவிடும்.

அந்த உருளை மெஷினைக் கடையம் ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் சொல்லிச் செய்தேன். பெரிய சக்கரம் வைத்தது. கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்த்து, "கரும்புச் சாறு எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது "ஐஸ் தீந்து போச்சு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

என் ஒரே அக்காவை அச்சன்புதூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தான் வாழை விவசாயி. அதிகம் பேசமாட்டார். என் படங்களைப் பார்த்து, "நல்லாத்தாம் இருக்கு, என்னன்னுதான் தெரியல" என்று சொன்ன ஒரே நேர்மையான ரசிகர். போன கார்த்திகையில், மழை விடாமல் அடித்த நாட்களில், காலையில் காப்பியைக் குடித்துவிட்டு வயலைப் பார்க்கக் கிளம்பியவர், செருப்பை மாட்ட வாசற்படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கக் குற்றாலத்தில் குளிக்கத் தடை. அருவிக்கரைப் பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது என்று டிவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். குற்றாலத்தில் அப்படி விழுந்தால் அடுத்து எங்கள் பக்கத்துக் குளமெல்லாம் நிறையும், மிச்சத் தண்ணீர் மறுகாலாகப் பாயும். அத்தான் ஊரில் ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே தாழ்வான ஒரு பாதை. மறுகால் தண்ணீர் ஓடையாக அந்தப் பாதையின் மேல்தான் போகும். அன்றைக்குப் பாதையே இல்லை. ஊர் முடிகிற இடத்திலிருந்து சுடுகாட்டுப் புளியமரம் வரைக்கும் செந்தண்ணீர்.

தென்காசிக்கே கொண்டுபோய் மின்மயானத்தில் வைத்துவிடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். அழுதுகொண்டிருந்த அக்கா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒங்க அத்தானோட அய்யா எரிஞ்சது அங்கன. தாத்தா எரிஞ்சது அங்கன. இவுகள மட்டும் கரண்டுல வைக்கவால? தண்ணின்னா என்ன, நீந்திக் கொண்டு போங்க."

அவள் அப்படிச் சொன்ன பிறகு ஊர் ஆட்கள் அரிவாளோடு கிளம்பினார்கள். அத்தானின் தோட்டத்திலேயே காற்றில் சாய்ந்த வாழைகள் வரிசையாகக் கிடந்தன. குலை தள்ளும் முன்னால் சாய்ந்தவை. அவற்றை வெட்டி, மூங்கில் கம்பைக் குறுக்கே செருகி, தேங்காய்க் கயிற்றால் இறுக்கித் தெப்பம் கட்டினார்கள். முச்சந்தி வரை பாடையில் வந்தார். பெண்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும், அக்காவும் நின்றாள். அதன் பிறகு பாடையைத் தெப்பத்தில் ஏற்றி, நாங்கள் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினோம். சென்னையிலிருந்து பஸ்ஸில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்த என் மருமகன், அக்காவின் மகன், கொள்ளிச் சட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்தான். மற்றவர்களுக்கு நெஞ்சளவுத் தண்ணீர், எனக்குக் கழுத்தளவு. எங்கள் குடும்பத்தில் உயரம் எல்லாம் அக்காவுக்குப் போய்விட்டது.

பாதைக்குக் கீழ்ப்புறம் ஒரு களத்துமேடு உண்டு. அதில் நின்றுகொண்டு ஊர்ப் பையன் ஒருத்தன் இதைப் போனில் வீடியோ எடுத்தான். நடு ஓடையில் இழுப்பு அதிகம். அங்கே போனதும் தெப்பம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. "ஏலே, புடி, புடி" என்று கூச்சல். அத்துடன் வீடியோ முடிந்துவிடும். முடியக் காரணம், எடுத்தவன் போனைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தண்ணீரில் குதித்து வந்து எங்களோடு சேர்ந்து தெப்பத்தைப் பிடித்ததுதான். அவன் வந்ததால்தான் நிமிர்ந்தது. நிமிர்த்தி, ஒரு சொட்டு நனையாமல் என்று பொய் சொல்லமாட்டேன், எல்லாம் நனைந்துதான், அத்தானை அக்கரையில் சேர்த்தோம். தெப்பத்தின் முனை புளியமரத்தடிச் சேற்றில் முட்டியது எனக்குக் கையில் தெரிந்தது. "தரை தட்டிட்டு" என்று யாரோ சொன்னார்கள். நான் அப்போதுதான் அழுதேன்.

ஆனால் வீடியோவில் அது இல்லையே. அன்று பொழுது சாய்வதற்குள் வீடியோ எல்லா வாட்ஸப் குரூப்பிலும் போய்விட்டது. பார்த்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். தெப்பம் கவிழ்ந்துவிட்டது என்றார்கள் சிலர். ஆளைத் தண்ணீருக்குள் தேடி எடுத்தார்கள் என்றார்கள். அக்கரைக்கே போகவில்லை, இடையில் ஒரு திட்டில் வைத்து எரித்துவிட்டு வந்துவிட்டார்கள் என்று ஆலங்குளத்தில் ஒரு கல்யாண வீட்டில் பேசினார்களாம். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

இதெல்லாம் அக்கா காதுக்கும் வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, மருமகன் சென்னைக்குக் கிளம்பிப் போன பிறகு, அவள் அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். நான் போகும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து "புடி, புடி" என்று சத்தம் கேட்கும். அந்த இடத்தோடு நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து வரும்.

"நாந்தாம்ல ஒத்தக்கால்ல நின்னேன், அங்கனதான் வைக்கணும்னு. நீ சொன்னதக் கேட்டிருந்தா இவ்வளவு சீரழிவு வந்திருக்குமா? பாதித் தண்ணில விட்டுட்டியளாலே?"

"விடலக்கா. சேத்துட்டோம். நான் மூலையப் புடிச்சுட்டுல்லா வந்தேன்."

"அப்படித்தான் சொல்லுவிய. எங்கிட்ட வேற என்னத்தச் சொல்லுவிய?"

மருமகன் சொல்லியும் நம்பவில்லை. மகன் தாயிடம் அப்படித்தானே சொல்வான் என்றாள். சோறு குறைந்தது. வாழைத் தோட்டத்துப் பக்கம் போவதை விட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. என் அக்கா நடு ஓடையில் நின்றுவிட்டாள், நான் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. பேச்சு வேலைக்காகாது. எனக்குத் தெரிந்தது ஒரே வேலை. அதைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி, "பாடையைப் படம் போடுவாகளா யாராவது? போட்டு எங்கன மாட்ட?" என்றாள். கடையில் தினம் நான் செத்தவர் படம்தானே போடுகிறேன் என்றேன். அது சிரிக்கிற படம் என்றாள். நான் தகட்டைத் தேய்க்கப் போய்விட்டேன்.

மாசியில் தண்ணீர் வற்றியது. பூச்சு தடவின தகட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் களத்துமேட்டில் உட்கார்ந்தேன். மேற்கே மலையைப் பார்த்து உட்கார்ந்தால் இடக்கைப் பக்கம் ஊர், வலக்கைப் பக்கம் சுடுகாடு. முச்சந்தியில் அக்காவை நிறுத்தாமல் இந்த மேட்டில் நிற்க விட்டிருந்தால் அவள் எப்படிப் பார்த்திருப்பாளோ, அப்படி வரைய நினைத்தேன். குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த ஊசிதான் என் பேனா. முதலில் வாழைத்தண்டுகளைக் கீறினேன். பிறகு தண்ணீருக்கு மேலே தெரிந்த தலைகளையும் கைகளையும். கொள்ளிச் சட்டியிலிருந்து கிளம்பிய புகை மழையில் மேலே ஏறமுடியாமல் மருமகனின் தலையைச் சுற்றியே நின்றது, அதையும் விடவில்லை. அன்று மலை மேகத்துக்குள் இருந்தது. அதனால் மலையைப் போடவில்லை. கரையையும் போடவில்லை. தண்ணீரில் நின்றபோது எனக்குக் கரை தெரியவில்லையே.

வெறி பிடித்தவன் மாதிரி ஒரே மூச்சில் வரைந்தேன். வீடியோ நின்ற இடத்திலிருந்து அத்தானை நகர்த்திவிட வேண்டும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

அமிலம் என்பது நம் அவசரத்துக்கு வேலை செய்யாது. லேசான கோடுகளைக் கொஞ்ச நேரம் தின்ன விட்டு, எடுத்துக் கழுவி, அவற்றின் மேல் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, ஆழமான கோடுகளுக்காக மறுபடி முக்க வேண்டும். தகட்டில் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும். அதைக் கோழி இறகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பகலில் பேனர் வேலை, இடையிடையே இந்த வேலை என்று இழுத்து, ஆனியில் சாரல் தொடங்கியபோதுதான் முதல் தாளை எடுத்தேன்.

தாளைத் தூக்கிப் பார்த்தேன். அச்சில் எல்லாமே இடம் வலமாகத் திரும்பி விழும். எச்சிங் படிக்கிறவனுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம். நானும் எப்போதும் மெல்லிய தாளில் வரைந்து, அதைக் கவிழ்த்துப் போட்டுத்தான் தகட்டில் பதிப்பேன். இந்த ஒரு படத்துக்கு, களத்துமேட்டில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்த திசையிலேயே நேராகக் கீறியிருக்கிறேன். கரையைப் போட்டிருந்தாலாவது கரையும் சேர்ந்து திரும்பியிருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வெறும் தண்ணீரில் தெப்பம் இடப்பக்கம் பார்த்துப் போனது. இடப்பக்கம் ஊர். அத்தானை நான் திருப்பி அனுப்பியிருந்தேன்.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். சக்கரத்தை ஓங்கி ஓர் உதை விட்டேன். சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரம் என்னோடு படித்த நண்பன் ஒருத்தன் சென்னையிலிருந்து சாரலுக்காகக் குற்றாலம் வந்திருந்தான். குளித்த தலை காயாமல் கடைக்கு வந்தவனிடம் படத்தைக் காட்டி, நடந்த கூத்தைச் சொன்னேன். அவன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"டேய், இத மாத்திராத. செத்தவரை எல்லாருமா சேர்ந்து வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டு வர்ற மாதிரி இருக்கு. நீ யோசிச்சுப் பண்ணியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது. சென்னையில ஒரு கண்காட்சி நடக்கப்போகுது, அனுப்பு."

பாராட்டுக்கு மயங்காத ஓவியன் இன்னும் பிறக்கவில்லை. இரண்டு நாள் நானும் மயங்கித்தான் கிடந்தேன். அக்காவும் இதைத்தான் விரும்புவாள் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புருஷன் வீடு திரும்புவதை எந்தப் பெண் வேண்டாம் என்பாள்?

ஆடி அமாவாசைக்கு மருமகன் வந்தான். குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் தாயும் மகனும் கடைக்கு வந்தார்கள். அக்கா இளைத்துப் போயிருந்தாள். மருமகனைக் காப்பி வாங்க அனுப்பிவிட்டு, அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் கையில் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண் தெப்பத்தில் இல்லை, தண்ணீரில் இருந்தது.

"தெப்பம் கெளப்புன அலை எல்லாம் இந்தப் பக்கம் கெடக்கு. அப்ப ஆளு அந்தப் பக்கமால்லா போறாவ. வீடியோல அங்கன நம்ம ஊருல்லாலே இருக்கு?"

"ஆமாக்கா. தகட்டுல திருப்பிப் போட மறந்துட்டேன். ஆனா பாரு, அத்தான் வீட்டுக்குத் திரும்பி வருத மாதிரி..."

அவள் படத்தை ஜன்னலிலிருந்து இறக்கினாள்.

"ஒனக்குக் கூறு இருக்காலே? எடுத்த பாடைய எவனாவது வீட்டுக்குக் கொண்டு வருவானா? பாதில நிக்காவளேன்னு நான் இங்கன செத்துக்கிட்டு இருக்கேன். நீ என்னன்னா திருப்பிவிட்டுட்டு நிக்க. எனக்கு அவுக வர வேண்டாம். போயிச் சேரணும். கொண்டு போயிச் சேரு."

படத்தை என் கையில் திணித்தாள். வாசல் வரை போனவள் நின்று, "கரையப் போடுலே. கரை இல்லாம எங்கன போயி எறங்குவாவ?" என்றாள்.

என் நண்பனும் நானும் அழகு என்று கொண்டாடியதை அவள் ஒரு நொடியில் குப்பையாக்கிவிட்டாள். முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் வெட்கமாக இருந்தது. அவள் கேட்டது படமா? அவள் கேட்டது அத்தானை. நண்பனைப் போனில் கூப்பிட்டு, அனுப்ப மாட்டேன் என்று சொன்னேன். பைத்தியக்காரன் என்றான். இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன். அந்தத் தகட்டின் கோடுகளை எல்லாம் அரத்தால் ராவித் தள்ளினேன்.

புதுத் தகடு எடுத்தேன். இந்த முறை தாளில் வரைந்து, கவிழ்த்து, பதித்து, நான்கு தரம் கண்ணாடியில் காட்டிச் சரிபார்த்தேன். வலப்பக்கம் கரை வந்தது. புளியமரம், எரிமேடையின் தகரக் கூரை, சேறு. தெப்பத்தின் முனை சேற்றில் முட்டியிருந்தது. பின் மூலையில் சட்டையோடு ஓர் ஆளைச் சேர்த்தேன். சாரல் ஓயாத மாதங்கள் அவை. பூச்சு காயவே மாட்டேன் என்றது. ஒரு தரம் அவசரப்பட்டு அமிலத்தில் விட்டதில், ஈரமான இடத்தில் பூச்சு பெயர்ந்து புளியமரமே புண்ணாகிவிட்டது. சுரண்டி, தேய்த்து, முதலிலிருந்து தொடங்கினேன். பேனர் வேலைக்கு வந்தவர்களில் சிலர் திரும்பிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். வருஷத் திதிக்கு முன்னால் அத்தானை இறக்கியாக வேண்டும். அதற்கு மேல் எனக்கு வேறு வேலை இல்லை.

ஐப்பசியில் ஒரு முற்பகல் அக்காவைக் கடைக்கு வரச் சொன்னேன். தகட்டில் மையை ஏற்றித் துடைத்து மெஷினில் வைத்திருந்தேன். ஈரத் தாளை மேலே பரப்பி, கம்பளியைப் போட்டு மூடினேன்.

"சக்கரத்த நீ சுத்துக்கா."

"நான் சுத்தலாமாலே?"

"சுத்து."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் பிடித்தாள். உருளைக்குள் கம்பளி நுழைந்தது. தகடு உள்ளே போகப்போகச் சக்கரம் கனத்தது. நடுவில் வந்ததும் அசையாமல் நின்றது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

"இப்ப எங்கன இருக்காவ?"

"நடு ஓடைல."

நான் உதவிக்குக் கையை நீட்டினேன்.

"கைய எடுலே. நான் பாத்துக்கிடுதேன்."

காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து, உடம்பு முழுவதையும் சக்கரத்தின் மேல் சாய்த்தாள். அது முனகிவிட்டு அசைந்தது. அவள் விடவில்லை. தகடு முழுக்க அந்தப் பக்கம் வந்து சேரும் வரை சுற்றினாள். கம்பளியை விலக்கி, தாளின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள்.

புளியமரத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு சேற்றில் முட்டிய தெப்பத்தை. கிட்டத்தில் குனிந்து பின் மூலையில் விரலை வைக்கப் போனாள், மை காயவில்லை என்று தடுத்தேன்.

"இது யாருலே, சட்டையோட?"

"வீடியோ எடுத்த பையன். போனக் கல்லு மேல வச்சிட்டு குதிச்சிட்டான். அதான் வீடியோ அங்கனயே நின்னு போச்சு. அவன் வந்து புடிச்சதுலதான் நிமிந்துச்சு."

இதை அவளிடம் நான் பத்துத் தரமாவது சொல்லியிருப்பேன். இப்போதுதான் கேட்கிறவள் போல் தலையை ஆட்டினாள்.

"சேந்துட்டாவ" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு இடுப்பிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அத அழிச்சிரு. எனக்கு அழிக்கத் தெரியாது." அழித்தேன்.

தாள் காய இரண்டு நாளாகும், சட்டம் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு எதுக்குலே? சுடுகாட்ட வீட்டுக்குக் கொண்டு போவாகளா? இங்கனயே இருக்கட்டும். குளிக்கணும், வா."

குற்றாலத்துக்கு பஸ் ஏறினோம். அன்று தடை ஒன்றும் இல்லை, தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் போய்த் தலை முழுகிவிட்டு, ஈரச் சேலையோடு வந்தாள். சூடாகக் காப்பி குடிக்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எப்போதும் படியில் நின்று "வாரேம்லே, வாரேம்லே" என்று மூன்று தரம் சொல்கிறவள், வாயைத் திறக்காமல் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சுடுகாட்டுக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பஸ் வளைவில் திரும்பும் வரை நான் அங்கேயே நின்றேன். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.